அட்டைப்பெட்டியில் கொலுக் கோயில்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில் வைக்க வேண்டும், அதையும் வீட்டில் சேர்ந்துபோன அட்டைப்பெட்டிகளைக் கொண்டே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்முறை வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. பத்து நிமிடத்தில் கோபுரம் எழும்பிவிடும். ஆனால் எந்தப் பெட்டியை எடுப்பது, எந்தத் திசையில் வெட்டுவது, பசை காய எத்தனை நேரம் விடுவது, புரட்டாசி ஈரத்தில் சுவர் வளைந்தால் என்ன செய்வது, விஜயதசமி முடிந்ததும் இதை எங்கே வைப்பது என்பதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. நான் ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம்.

இங்கே சொல்லப்போகும் அமைப்பு இதுதான்: அடியில் பீடம், அதன்மேல் பொம்மை உட்காரும் மாடம், மாடத்துக்கு மேல் ஐந்து நிலைக் கோபுரம், கோபுரத்தின் தலையாக வளைந்த சிகரம், உச்சியில் கலசங்கள். மொத்தம் இரண்டரை அடி உயரம் வரும். ஐந்து நிலை மலைப்பாக இருந்தால் மூன்றோடு நிறுத்துங்கள். நிலையும் கலசமும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் பொம்மையை இறக்கி அளந்துவிடுங்கள்

கோயிலைக் கட்டிவிட்டுப் பொம்மை தேடாதீர்கள். எந்தப் பொம்மை உள்ளே உட்காரப்போகிறது என்று முடிவுசெய்து, பரணிலிருந்து அதை இறக்கி, ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். உயரம், அகலம், அடிப்பகுதியின் ஆழம், எடை என நான்கும் வேண்டும். எடையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மண் பொம்மையும் காகிதக்கூழ் பொம்மையும் ஒரே உயரத்தில் இருந்தாலும் எடையில் மிகவும் வேறுபடும். சமையலறைத் தராசு இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள்.

உயரத்தை அளக்கும்போது கிரீடத்தோடு அளக்க வேண்டும். பூ வைப்பீர்கள், மாலை போடுவீர்கள். அதனால் பொம்மையின் உயரத்தோடு மூன்று இன்ச், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இன்ச், பின்னால் இரண்டு இன்ச், முன்னால் ஒரு இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் இடம் விளக்குக்கு.

ஒரு கணக்குக்காக 9 இன்ச் உயரம், 6 இன்ச் அகலம், 4 இன்ச் ஆழம் உள்ள அம்மன் பொம்மையை எடுத்துக்கொள்வோம். மாடத்தின் உள் அளவு 12 இன்ச் உயரம், 10 இன்ச் அகலம், 7 இன்ச் ஆழம் ஆகிறது. இனி வரும் அளவெல்லாம் இந்தப் பொம்மைக்கு உரியவை. உங்கள் பொம்மைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். பீடம் 14 இன்ச்சுக்கு 11 இன்ச் வரும். பெரும்பாலான கொலுப்படிகளின் அகலத்துக்கு இது அடங்காது. படிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலோ டீப்பாயோ போட்டு வைப்பதுதான் சரி. மேல்படி பூஜைக் கலசத்துக்கு வேண்டும்.

2. எப்போது தொடங்குவது

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. பல வீடுகளில் அமாவாசையன்றே படி கட்டி, ஒரு மரப்பாச்சியையாவது எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே உங்கள் கெடு அமாவாசைதான்.

நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. விநாயகர் சதுர்த்திக்கும் மகாளய அமாவாசைக்கும் வழக்கமாக 25, 26 நாள் இடைவெளி இருக்கும். சதுர்த்திக் கொழுக்கட்டை முடிந்த கையோடு கத்தியை எடுத்தால் நிதானமாகச் செய்யலாம். பெட்டி சேர்ப்பதை அதற்கும் முன்பே, ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஆரம்பித்துவிடுங்கள். அப்போது வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் பெரிய பெட்டிகள் குவிந்திருக்கும்.

சதுர்த்திக்குப் பிறகு முதல் வாரம் அளவும் வெட்டும். இரண்டாம் வாரம் ஒட்டுவது. மூன்றாம் வாரம் பூச்சும் காய்வதும். கடைசி நாட்கள் வண்ணம், அலங்காரம், விளக்குக்கு. வேலை நேரம் என்று பார்த்தால் தினமும் ஒன்றரை மணி நேரம் போதும். மற்றதெல்லாம் காயும் நேரம். அவசரப்பட்டால் கெட்டுப்போவதும் இந்தக் காயும் நேரத்தில்தான். ஈரப் பூச்சின் மேல் வண்ணம் அடித்தால் உள்ளே ஈரம் நின்று, சுவர் வளைந்து, மூலை வாய்பிளந்துவிடும். சாயங்கால மழைக்காலம் வேறு. ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெட்டி சேர்ப்பது

எல்லா அட்டையும் ஒன்றல்ல. பெட்டியின் ஓரத்தை வெட்டிப் பாருங்கள். இரண்டு தாளுக்கு நடுவே ஒரு நெளி ஓடினால் அது மூன்று ப்ளை. இரண்டு நெளி ஓடினால் ஐந்து ப்ளை. பிஸ்கட், சோப்பு, ஆன்லைனில் வாங்கும் பொருட்கள் பெரும்பாலும் மூன்று ப்ளை பெட்டியில் வரும். வாஷிங் மெஷின், டிவி, மிக்ஸி மொத்தமாக வரும் பெரிய பெட்டிகளில் ஐந்து ப்ளை கிடைக்கும்.

உங்களுக்கு இரண்டும் வேண்டும். பீடத்துக்கும் மாடத்தின் கூரைத் தட்டுக்கும் ஐந்து ப்ளை. சுவர்களுக்கும் கோபுர நிலைகளுக்கும் மூன்று ப்ளை. சிகரத்தின் வளைவுக்குக் கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பா மாதிரியான மெல்லிய அட்டை.

மளிகைக் கடையில் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது. "அண்ணாச்சி, காலிப் பெட்டி வந்தா கிழிக்காம மடிச்சு வைங்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்" என்றால் போதும், எடுத்து வைப்பார்கள். கேட்காமல் விட்டால் டேப்பைக் கிழிக்கும்போதே ஓரமும் கிழிந்துவிடும். வீட்டில் போதவில்லை என்றால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கலாம். விலை மிகக் குறைவு.

எடுக்கக் கூடாதவை: காய்கறி, பழம், எண்ணெய், மீன் வந்த பெட்டிகள். ஈரம் ஊறிய அட்டை காய்ந்தாலும் பழைய பலம் திரும்பாது. எண்ணெய் பட்ட இடத்தில் பசையும் வண்ணமும் ஒட்டாது. கடையிலிருந்து வரும் பெட்டிகளின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்க வாய்ப்பு அதிகம். வாசலிலேயே தட்டி, உதறி, அரை நாள் நல்ல வெயிலில் போட்டுவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மது பாட்டில் வந்த பெட்டி நல்ல உறுதியாகவே இருக்கும். ஆனால் அம்மன் உட்காரும் இடத்துக்கு அது வேண்டாம் என்று பலர் நினைப்பார்கள். முட்டை அட்டைக்கும் இதே ஆட்சேபம் வரும். கட்டி முடித்த பிறகு மனக்கசப்பு வருவதைவிட ஆரம்பத்திலேயே விட்டுவிடலாம்.

4. வாங்க வேண்டியவையும் செலவும்

சென்னையில் நான் வாங்கிய விலையைச் சுமாராகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

- 18 மி.மீ. பேப்பர் கட்டர்: ரூ.80. மாற்று பிளேடு ஒரு பாக்கெட்: ரூ.50
- ஒரு அடி இரும்பு ஸ்கேல்: ரூ.40
- ஃபெவிகால் அரைக் கிலோ: ரூ.140
- க்ளூ கன்: ரூ.250. பத்துக் குச்சி: ரூ.80
- ஒரு இன்ச் மாஸ்கிங் டேப் இரண்டு: ரூ.70
- வால் புட்டி ஒரு கிலோ: ரூ.50
- வெள்ளை எமல்ஷன் ஒரு லிட்டர்: ரூ.250
- கலர் ஸ்டெய்னர் மூன்று சின்ன பாட்டில்: ரூ.150
- தங்க நிற அக்ரிலிக்: ரூ.120
- சணல் கயிறு, மணி, சில்லறைச் சாமான்: ரூ.60
- எல்இடி ஸ்ட்ரிப்: ரூ.180

ஆகச் சுமார் ரூ.1,500 வரும். கத்தி, க்ளூ கன், மீந்த வெள்ளை எமல்ஷன் போன்றவை வீட்டில் இருந்தால் ஆயிரத்துக்குள் முடித்துவிடலாம். காசு மிச்சம் பிடிப்பதாக இருந்தால் வண்ணத்தில் பிடியுங்கள். சின்னச் சின்னக் கைவினை வண்ணக் குப்பிகளை வாங்கினால் பணம் கரைந்துபோகும். வீட்டுச் சுவருக்கு அடித்து மீந்த வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் கலந்தால் வேண்டிய நிறமெல்லாம் கிடைக்கும். பிளேடில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மழுங்கிய பிளேடு அட்டையை வெட்டாது, பிய்க்கும். கையும் அப்போதுதான் வழுக்கும்.

தெர்மாகோல் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. க்ளூ கன் சூட்டில் உருகும், தீப்பிடித்தால் அணைப்பது கடினம், தூக்கிப் போட்டாலும் மக்காது. அட்டையில் செய்ய முடியாத எதையும் அதில் நான் கண்டதில்லை.

5. அளவுத் தாள்

இந்த வேலைக்கு இருக்கும் ஒரே ஆவணம் இதுதான். ஒரு முழு வெள்ளைத் தாளில் எல்லாத் துண்டுகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். வெட்டிய துண்டின் பின்பக்கம் அதே எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். கோபுர நிலைகள் ஒன்றுக்கொன்று ஒன்றரை இன்ச் மட்டுமே வித்தியாசப்படும். எண் போடாமல் வெட்டி அடுக்கினால் எது இரண்டாம் நிலை, எது மூன்றாம் நிலை என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

நம் பொம்மைக்கான அளவு, இன்ச்சில்:

- பீடம்: 14 அகலம், 11 ஆழம், 2 உயரம்
- மாடம்: உள்ளே 10 அகலம், 7 ஆழம், 12 உயரம். வாசல் 8 அகலம், 10 உயரம்
- கூரைத் தட்டு: 13 அகலம், 10 ஆழம்
- முதல் நிலை: 12 அகலம், 9 ஆழம், 3 உயரம்
- இரண்டாம் நிலை: 10½, 7½, 2½
- மூன்றாம் நிலை: 9, 6, 2¼
- நான்காம் நிலை: 7½, 4½, 2
- ஐந்தாம் நிலை: 6, 3, 1¾
- சிகரம்: 5 அகலம், 2½ உயரம்

மேலே போகப்போக அகலம் மட்டுமல்ல, உயரமும் குறைய வேண்டும். எல்லா நிலையையும் ஒரே உயரத்தில் வைத்தால் கோபுரம் பெட்டி அடுக்கியதுபோலத் தெரியும். பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

6. வெட்டும்போது நெளியின் திசையைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

அட்டையின் பலம் நடுவில் ஓடும் நெளியில் இருக்கிறது. நெளி மேலும் கீழுமாக நிற்கும்படி சுவர் வெட்டினால், ஒவ்வொரு நெளியும் ஒரு தூணாக நின்று எடையைத் தாங்கும். அதே துண்டைக் குறுக்காகத் திருப்பி வைத்தால், மெதுவாக அழுத்தினாலே மடிந்து உட்கார்ந்துவிடும். ஒரு சின்னத் துண்டை வெட்டி இரண்டு திசையிலும் நிற்கவைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், கை உடனே சொல்லிவிடும். ஆகவே மாடச் சுவர், கோபுர நிலைச் சுவர், பீடத்தின் உள்பட்டை எல்லாவற்றிலும் நெளி செங்குத்து. வழக்கமான பெட்டிகளில் பக்கச் சுவரின் நெளி ஏற்கெனவே மேல்கீழாகத்தான் ஓடும். பெட்டி நின்ற நிலையிலேயே அளந்து கோடு போட்டால் குழப்பம் வராது.

மடிப்புக்கும் இதுவே வசதி. நெளியோடு சேர்த்து மடித்தால் நேராக மடியும். குறுக்காக மடிக்க நேர்ந்தால், மடிக்கும் கோட்டில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு மூன்று முறை அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள்.

ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காதீர்கள். முதல் இழுப்பு மேல்தாளுக்கு, இரண்டாவது நெளிக்கு, மூன்றாவது அடித்தாளுக்கு. கத்தியைப் படுத்தவாக்கில் பிடித்தால் நெளி நசுங்காது. அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடின் முனையை உடைத்து எடுக்கும் துண்டுகளை மூடி போட்ட டப்பாவில் சேருங்கள். குழந்தைகள் சுற்றி இருக்கும் வேலை இது.

7. பீடம்: எடை தாங்குவது இங்கேதான்

வெற்றுப் பெட்டியைக் கவிழ்த்துப் பீடமாக வைத்தால் நடு அமிழ்ந்துவிடும். உள்ளே கட்டம் கட்டமாகப் பட்டைகள் வேண்டும்.

இரண்டு இன்ச் உயரத்தில் பட்டைகள் வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு இன்ச்சுக்கு ஒரு இடத்தில், பாதி உயரத்துக்கு, அதாவது ஒரு இன்ச்சுக்கு வெட்டு விடுங்கள். நீளவாட்டுப் பட்டையில் வெட்டு மேலே, குறுக்குப் பட்டையில் வெட்டு கீழே. ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் கட்டங்கள் அமைந்துவிடும். மேலும் கீழும் ஐந்து ப்ளை அட்டையை ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஒரு இரவு முழுக்க விடுங்கள். ஒரு மூலைக் கட்டத்தைத் திறந்தபடி விட்டு, மணல் நிரப்பிய சின்னப் பையை உள்ளே வைத்து மூடினால், ஃபேன் காற்றுக்கும் குழந்தைகள் கைக்கும் கோயில் அசையாது.

காய்ந்தபின் சோதித்துப் பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். உங்கள் பொம்மையின் எடையைப்போல் இரண்டு மடங்கு வருமளவு பாட்டில்களை ஒரு ராத்திரி நிறுத்திவைத்து, காலையில் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் மேலே இன்னொரு அட்டை ஒட்டுங்கள்.

8. மாடம்

பின்சுவரும் இரு பக்கச் சுவர்களும் மூன்று ப்ளை அட்டையில் இரண்டிரண்டு அடுக்கு. ஃபெவிகாலை மெல்லியதாக, ஓரம் வரை தடவி ஒட்டுங்கள். அட்டை தண்ணீரைக் குடிக்கும். பசை அதிகமானால் நெளி ஊறித் தளர்ந்துவிடும்.

க்ளூ கன்னா, ஃபெவிகாலா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும், ஆனால் வேறு வேறு வேலைக்கு. க்ளூ கன் ஒரு நிமிடத்துக்குள் பிடித்துவிடும், மூலைகளை நிறுத்திப் பிடிக்க அது. பலத்துக்கு ஃபெவிகால். அரை மணியில் பிடித்தாலும் முழு உறுதிக்கு ஒரு நாள் வேண்டும். க்ளூ கன்னை மட்டும் நம்பிக் கட்டிய மூலைகள் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். செய்ததை வேறு வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் இதை மறக்கவேண்டாம்.

வாசல் வெட்டிய முன்சுவரை ஒட்டுவதற்கு முன், பொம்மையை ஒருமுறை உள்ளே விட்டு வெளியே எடுத்துப் பாருங்கள். வாசலின் இருபக்கத்துக்கும் தூண்கள் வேண்டும். அலுமினியம் ஃபாயில் சுற்றி வரும் அட்டைக் குழாய் இதற்கு அளவாக இருக்கும். பெரிய மண்டபமாகச் செய்வதென்றால் ஜவுளிக் கடையில் துணி சுற்றி வரும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். தூணின் தலையில் இரண்டு துண்டு அட்டையைப் படிபோல ஒட்டினால் போதிகை ஆகிவிடும்.

9. கோபுர நிலைகள்

ஒவ்வொரு நிலையும் அடி இல்லாத, மேல்மூடி உள்ள பெட்டி. நான்கு சுவரையும் தனித்தனியாக வெட்டி ஒட்டாதீர்கள். பழைய பெட்டியின் மூலை மடிப்பை அப்படியே பயன்படுத்தி, எல் வடிவத்தில் இரண்டு துண்டுகள் எடுத்து இணைத்தால் ஒட்டவேண்டிய மூலைகள் பாதியாகிவிடும், கோணமும் சரியாக வரும்.

மேல்மூடி, நிலையைவிட எல்லாப் பக்கமும் கால் இன்ச் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கோயிலில் கபோதம் என்று ஸ்தபதிகள் சொல்லும் நீட்டம் அது. அதன் நிழல் விழுந்தால்தான் நிலை நிலையாகப் பிரிந்து தெரியும். கால் இன்ச்சுக்கு மேல் போகவேண்டாம். அப்போதுதான் கவிழ்த்து வைத்த பெரிய நிலைக்குள் சின்ன நிலை அடங்கும். கடைசியில் எடுத்து வைக்கும்போது இதன் அருமை தெரியும்.

நிலைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு மேல்மூடியின் மீதும், அடுத்த நிலையின் உள் அளவுக்குள் அமரும்படி, அரை இன்ச் உயரத்தில் நான்கு மூலைத் துண்டுகளை ஒட்டுங்கள். மேல் நிலை அவற்றின் மீது மூடிபோல் இறங்கி நிற்கும். நகராது. எடுக்கவும் வரும். ஒவ்வொரு நிலையிலும் முன்பக்க நடுவில் ஒன்றுக்கு நேராக ஒன்றாக வாசல் வெட்டுங்கள். அடுக்கிவிட்டு எட்ட நின்று பார்த்து, நேர்க்கோட்டில் இல்லையென்றால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

10. சிகரமும் கலசமும்

கோபுரத்தின் தலை, கூண்டு வண்டிக் கூரைபோல நீளவாட்டில் வளைந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் லாடம்போன்ற வளைவில் அட்டை வெட்டி நிறுத்தி, மேலே மெல்லிய அட்டையைச் சுற்றி, மாஸ்கிங் டேப்பால் பிடித்து, உள்பக்கம் ஃபெவிகால் தடவுங்கள்.

கலசத்துக்குப் பல்குச்சியில் மணி கோக்கலாம். கீழே பெரிய மணி, நடுவில் தட்டையானது, மேலே நீண்ட சின்ன மணி. மூன்று அல்லது ஐந்து. தங்க வண்ணத்தை இதற்கு இரண்டு முறை அடியுங்கள்.

11. பூச்சு

பெட்டியில் அச்சடித்த எழுத்து வண்ணத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். வெட்டிய ஓரங்களில் நெளியின் ஓட்டைகள் தெரியும். இரண்டுக்கும் மருந்து பூச்சுதான்.

முதலில் எல்லா ஓரத்துக்கும் செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, தண்ணீர் கொஞ்சம் கலந்த ஃபெவிகாலில் ஒட்டுங்கள். கத்தரித்த தாளைவிடக் கையால் கிழித்த தாள்தான் ஓரம் தெரியாமல் படியும். மைதாப் பசை மலிவு, ஆனால் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். அதற்காகச் சிலர் மயில்துத்தம் கலப்பார்கள். அது நச்சு. குழந்தைகள் தொடும் இடத்தில் வைக்கும் பொருளுக்கு வேண்டாம்.

அது காய்ந்ததும் வால் புட்டியில் தண்ணீரும் இரண்டு ஸ்பூன் ஃபெவிகாலும் சேர்த்து, தோசைமாவு பதத்துக்குக் கரைத்துத் தூரிகையால் அடியுங்கள். தடிமனாக ஒரு கோட் வேண்டாம், மெல்லியதாக இரண்டு. ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால், காயும்போது அட்டை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வளையும். அதனால் வெளியே ஒரு கோட் அடித்ததும் உள்பக்கமும் வெள்ளை எமல்ஷன் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள். யாரும் பார்க்காத பக்கம்தானே என்று விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான அட்டைக் கோயில்கள் நான்காம் நாளே முறுக்கிக்கொள்கின்றன. வளைந்துவிட்டால் பதறவேண்டாம். எதிர்ப்பக்கத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றி, தட்டையாக வைத்துப் பாரம் ஏற்றி ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

மழை நாளில் காயவைக்கும்போது ஈரச் சுவரோரம் வைக்காதீர்கள். கவிழ்த்த இரண்டு டம்ளர்களின் மேல் தூக்கிவைத்து ஃபேன் போடுங்கள், அடியிலும் காற்று போகட்டும்.

12. வேலைப்பாடும் வண்ணமும்

அட்டையின் ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு உரித்தால் உள்ளே இருக்கும் நெளி வரிவரியாக வெளியே வரும். அதைப் பட்டையாக வெட்டி நெடுக்காக ஒட்டினால் அரைத்தூண் வரிசை, நீட்டத்தின்மேல் சாய்த்து ஒட்டினால் ஓடு. கோபுரத்தில் வரும் கூடுகள் என்னும் சின்ன வளைவு அலங்காரங்களுக்குப் பிஸ்தா ஓட்டைக் கவிழ்த்து ஒட்டுங்கள், வண்ணம் அடித்தபின் யாராலும் பிஸ்தா என்று சொல்ல முடியாது. நீட்டத்தின் விளிம்பில் சணல் கயிறு ஓடவிடுங்கள். இவையெல்லாம் புட்டிக்குப் பிறகு, வண்ணத்துக்கு முன்.

வண்ணத்தில் முதல்முறை அடக்கம் நல்லது. வெள்ளை எமல்ஷனில் மஞ்சள் ஸ்டெய்னர் சில சொட்டும் கறுப்பு ஒரு சொட்டும் விட்டால் சந்தனக் கல் நிறம் வரும். கோபுரம் முழுக்க அதுவே. பிறகு தூரிகையில் தங்க வண்ணத்தைத் தொட்டு, பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் உரசுங்கள். பிஸ்தா ஓட்டின் முதுகும் கயிற்றின் முறுக்கும் மட்டும் பளிச்சென்று எழும்பும். பீடத்துக்கும் மாடத்தின் பக்கச் சுவருக்கும் காவி, வெள்ளைப் பட்டை. முழுவதும் வெள்ளை அடித்து, நன்றாகக் காய்ந்தபின் ஒரு இன்ச் மாஸ்கிங் டேப்பை ஒரு இன்ச் இடைவிட்டு ஒட்டி, இடையில் காவி அடித்து, காவி முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பை மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காய்ந்தபின் உரித்தால் வண்ணமும் கூட வரும்.

13. விளக்கு

எல்இடி மட்டும். பழைய குண்டு பல்பு சீரியல் செட்டைக் காகிதத்துக்குள் வைக்காதீர்கள், அது சூடாகும். ஸ்ட்ரிப்பை மாடத்தின் பின்சுவரில் பொம்மைக்குப் பின்னால் மறைவாக ஒட்டி, வயரைப் பின்பக்கத் துளை வழியே வெளியே எடுங்கள். அடாப்டர் கோயிலுக்கு வெளியே, காற்றுப் படும் இடத்தில் இருக்கட்டும். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

குத்துவிளக்கு, அகல், கற்பூரத் தட்டு எதுவானாலும் கோயிலிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளி. வெற்றிலை பாக்கு வாங்க வருபவர்களின் புடவைத் தலைப்பையும் கணக்கில் எடுத்து இடம் பாருங்கள்.

14. குடியிருப்பின் பொது ஹாலில் வைப்பதானால்

அசோசியேஷனுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, தினமும் எத்தனை மணி வரை, எந்த பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம், சாமான்களுக்கு யார் பொறுப்பு, எப்போது இடத்தைக் காலிசெய்து தருவீர்கள் என்ற ஐந்தும் இருந்தால் ஒரு பக்கம் போதும். கையெழுத்துப் போட்ட நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக வாங்கிய அனுமதி, அதே ஹாலைப் பிறந்தநாளுக்கு வேறொருவர் கேட்கும்போது நிற்காது. கொலுப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், செய்யும்போதே கட்டத்துக்கு ஒரு படம் எடுங்கள். வண்ணம் அடித்த பிறகு இது அட்டை என்று நிரூபிக்க அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும்.

15. எடுத்து வைப்பது

விஜயதசமி கழிந்து கொலு எடுக்கும் நாளில் கோயிலை அப்படியே தூக்கிப் பரணில் போடாதீர்கள். முதலில் விளக்கைக் கழற்றுங்கள். பூச்சரம், சந்தனம், குங்குமம் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பூவின் ஈரத்தில்தான் பூஞ்சை தொடங்கும். உலர்ந்த தூரிகையால் தூசு தட்டி, ஒரு நாள் ஃபேன் காற்றில் விடுங்கள்.

பிறகு முதல் நிலையைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் இரண்டாம் நிலை, அதற்குள் மூன்றாம் நிலை என்று பழைய துணி சுற்றி அடக்குங்கள். ஐந்து நிலையும் ஒரு நிலையின் இடத்தில் முடிந்துவிடும். சிகரத்தையும் கலசத்தையும் மாடத்துக்குள் வையுங்கள், கலசக் குச்சிதான் முதலில் உடையும். எல்லாவற்றையும் ஒரு பெரிய பெட்டியில் வைத்து, நான்கைந்து அந்துருண்டையைத் துணியில் முடிந்து போட்டு, ஓரங்களை டேப் ஒட்டி மூடுங்கள். சிமெண்ட் பரணானால் அடியில் இரண்டு ரீப்பர் கட்டை கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்தளத்தின் ஈரம் நேராகப் பெட்டிக்கு இறங்கும்.

அளவுத் தாளை எறியாமல் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எந்தப் பொம்மைக்காகக் கட்டியது, எந்த நிறத்துக்கு எத்தனை சொட்டு ஸ்டெய்னர் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பங்குனி வெயிலில் ஒருமுறை இறக்கித் திறந்து வைத்து, அந்துருண்டையை மாற்றிவிட்டு மறுபடி மூடுங்கள். அடுத்த வருடம் அங்கங்கே உதிர்ந்த வண்ணத்தைத் தொட்டுவிடவும் உரிந்த கயிற்றை ஒட்டவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.